அடுப்படியில் எழுந்த மன்றாட்டு



ஆடி மாதம் வாயிலில் நிற்கிறது. மேட்டூரிலிருந்து நீர் காலத்தே வந்துசேரும் ஆண்டுகளில் இது நம் பகுதிக்கு நம்பிக்கையின் மாதம். வாய்க்கால்களில் புதுப்புனல் புரளும். நாற்றங்கால்கள் பசுமை காட்டும். பதினெட்டாம் பெருக்கன்று படித்துறைகளெல்லாம் நிறைந்திருக்கும். ஆயினும் நம் முன்னோர் இதே மாதத்தை வேறொரு முகத்தோடும் அறிந்திருந்தனர். தையிலும் மாசியிலும் களத்திலிருந்து வீடு வந்த நெல், குதிரின் அடியைத் தொடும் காலம் இது. பத்தாயம் வைத்திருந்த வீடுகளில் அது தெரியாது. நாற்றுப் பறிப்போரும் நடவாட்களும் குடியிருந்த தெருவிலேதான் அது முதலில் தெரியும். எந்த வீட்டில் உலை ஏறியிருக்கிறது, எந்த வீட்டில் ஏறவில்லை என்பதைக் கூரைமேல் எழும் புகையைக் கொண்டே சொல்லிவிடலாம் என்று நம் பாட்டிமார் கூறக் கேட்டிருக்கிறோம்.

எரியாத அடுப்புகளைப் பற்றிய இந்த நினைவோடுதான், இம்மாதம் ஒரு பெரியவரைப் பற்றி எழுத அமர்ந்தோம். 1889ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21ஆம் நாள் இறைவனடி சேர்ந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையே அவர்.

தமிழில் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை 1879இல் வெளியிட்டவர் என்ற அளவில் நம் பிள்ளைகள் அவரைப் பள்ளிப் பாடத்தில் படிக்கின்றனர், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். அவர் நம் திருச்சபையின் மகன் என்பதும், நம் காவிரிக்கரையிலேயே வாழ்ந்து உழைத்தவர் என்பதும் நம்மில் பலருக்கு நினைவில்லை. திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாக 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் அவர் பிறந்தார். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, பின்னர் தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் மாயூரத்திலும் முன்சீப்பாக அமர்ந்து நீதி வழங்கினார். மாயூரத்தில் நீண்ட காலம் பணியாற்றியதனால் அவ்வூரின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இன்று மயிலாடுதுறை என்று வழங்கும் ஊர் அதுவே.

அவருடைய வாழ்வின் எல்லாப் பக்கங்களையும் புரட்ட இங்கு இடமில்லை. ஒரு பக்கத்தை மட்டும் திறப்போம்.

1876ஆம் ஆண்டு. தமிழ்க் கணக்கில் அது தாது ஆண்டு. பருவமழை பொய்த்தது. அன்று தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தைத் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று நம் முதியோர் பல தலைமுறைகள் சொல்லிச் சொல்லிக் கலங்கினர். மாண்டவர் பல இலட்சம். ஆனால், நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மானாவாரி மாவட்டங்கள் பட்ட பாட்டைக் காவிரிப் பாசனப் பகுதி படவில்லை. கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணையும், 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் கட்டப்பட்ட மேலணையும் தஞ்சைத் தரணியை ஓரளவு காத்து நின்றன. இங்கே நெல் இருந்தது. இங்கிருந்து வெளியூர்களுக்கு நெல் போயிற்று. வறண்ட சீமைகளிலிருந்து மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நெல் விளையும் சீமையை நோக்கி நடந்து வந்தனர். விலை ஏறியது. விலை ஏற ஏற, நெல்லை இருப்பு வைத்திருந்தோர்க்கு ஆதாயம் ஏறியது; கூலிக்கு நெல் அளந்து வாங்கி உண்டவர்க்கு வயிறு ஒட்டியது.

இல்லாத ஊரில் இரக்கத்துக்கு வரும் சோதனை வேறு. இருக்கும் ஊரில் வரும் சோதனை வேறு. இல்லாதவனுக்குக் கொடுக்க வழியில்லை என்ற கவலை ஒன்றே. இருப்பவனுக்கோ, இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் இன்னும் கூடுதலாக விற்கலாமே என்ற எண்ணம் காதோரம் ஓதிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்தில்தான் வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டிகளை அமைத்துப் பசித்தவர்க்குக் கஞ்சி வார்த்தார். வந்தவர் எந்தச் சமயத்தார், எந்தக் குலத்தார் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. அப்போது மாயூரத்தில் வாழ்ந்த சைவ அன்பரும், ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யை இயற்றியவருமான கோபாலகிருஷ்ண பாரதியார், இந்தக் கத்தோலிக்கரின் கொடையைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்து அவர்மீதே ஒரு கீர்த்தனை பாடினார் என்றால், அக்கொடையின் தன்மையை நாம் உணர்ந்துகொள்ளலாம். ஆண்டவனின் சந்நிதியைக் காணத் துடித்த ஒரு பண்ணையாளின் கதையைப் பாடிய வாய் அது; எளிதில் மனிதரைப் பாடிவிடும் வாயன்று.

கஞ்சி வார்த்ததோடு பிள்ளை நிற்கவில்லை. பஞ்சம் தீர வேண்டுமென்று இறைவனை நோக்கிக் கீர்த்தனைகளும் பாடினார். 1878இல் அவர் வெளியிட்ட ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ எச்சமயத்தாரும் தம் கடவுளை நினைந்து பாடத்தக்கது. தம் நம்பிக்கை நீர்த்துப்போனதால் அவர் அவ்வாறு பாடினார் என எண்ணற்க. தேவமாதா அந்தாதியும் திருவருள் மாலையும் பாடிய அதே கைதான் அதையும் எழுதிற்று. தம் வீட்டு விளக்கை அணைக்காமலேயே அண்டை வீட்டு விளக்கின் ஒளியிலும் மகிழ அவருக்குத் தெரிந்திருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோடும் திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரோடும் அவர் கொண்டிருந்த நட்பு அதற்குச் சான்று. மகாவித்துவான் இவரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு ‘குளத்துக் கோவை’ பாடினார்.

ஒரு கையில் அகப்பை, மறு கையில் கீர்த்தனை ஏடு. இவ்விரண்டில் எது மன்றாட்டு? இந்தக் கேள்வி எழுந்தபோதுதான், நம் நாட்டுக்கு வெகு தொலைவில், வேறு சமயத்தில், வேறு மொழியில் எழுதப்பட்ட ஒரு சிறுகதை நம் நினைவுக்கு வந்தது.

அதை எழுதியவர் ஐ. எல். பெரெட்ஸ் என்னும் யூதர். 1852இல், ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்த போலந்து நாட்டில் பிறந்தவர். அவரும் நீதிமன்றம் கண்டவரே. ஏறத்தாழப் பத்தாண்டுகள் வழக்கறிஞராகத் தொழில் நடத்தி, அரசினர் உரிமையைப் பறித்துக்கொண்டதனால் அதை இழந்தவர். பின்னர் வார்சா நகரில் யூத சமூக அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே 1915இல் இறக்கும் வரை எழுதினார். அவர் எழுதிய மொழி இத்திஷ். கீழை ஐரோப்பிய யூதர்கள் வீட்டிலும் கடைவீதியிலும் பேசிய மொழி அது. எபிரேயமே மறைநூல் மொழி, கற்றோர் மொழி. இத்திஷ் சமையலறை மொழி, பெண்கள் மொழி என்று அவர்களுள்ளேயே பலர் அதை இகழ்ந்தனர். ஆங்கிலத்துக்கும் செய்யுளுக்கும் நடுவே தமிழ் உரைநடை ஏங்கி நின்ற காலத்தில் அதில் கதை எழுதத் துணிந்த நம் முன்சீப்பை இங்கே நினைத்துக்கொள்வோம். அன்று இகழப்பட்ட அம்மொழியில் எழுதிய ஐசக் பாஷெவிஸ் சிங்கர் 1978இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அதற்குள் அம்மொழி பேசிய மக்களில் பல இலட்சம் பேர் ஹிட்லரின் கொலைக்களங்களில் அழிந்துவிட்டனர்.

பெரெட்ஸின் கதை இது. நெமிரோவ் என்னும் ஊரில் ஒரு யூத குரு இருந்தார். ஆண்டுதோறும் மனந்திரும்புதலுக்குரிய மன்றாட்டுகளைச் சொல்லும் நாள்களில், வெள்ளிக்கிழமை விடியலில் அவர் மறைந்துவிடுவார். தொழுகைக் கூடத்திலும் இல்லை, வீட்டிலும் இல்லை. தம் மக்களுக்காகப் பரிந்து பேச அவர் விண்ணகத்துக்கே ஏறிச் செல்கிறார் என்று ஊரார் நம்பினர். லித்துவேனியாவிலிருந்து வந்த ஒருவன் இதைக் கேட்டு நகைத்தான். அவன் எதையும் ஏட்டில் எழுதியிருந்தாலன்றி நம்பாதவன். உண்மையை அறிய, ஒரு வியாழன் இரவு குருவின் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான்.

விடியுமுன் குரு எழுந்தார். குடியானவனுடைய உடையை அணிந்தார். கோடரியை இடுப்பில் செருகிக்கொண்டு இருளில் நடந்தார். அவன் நடுங்கிக்கொண்டே பின்தொடர்ந்தான். ஊருக்கு வெளியே காட்டில் அவர் மரம் வெட்டி விறகாக்கிச் சுமையாகக் கட்டினார். சுமந்துகொண்டு வந்து ஒரு பாழடைந்த குடிசையின் கதவைத் தட்டினார். உள்ளே நோயுற்ற ஓர் ஏழை மூதாட்டி. அவளிடம் அவர் தம்மை ஒரு விறகுக்காரன் என்றே சொல்லிக்கொண்டார். விலை மிகக் குறைவு என்றார். கையில் காசில்லையே என்றாள் அவள். கடனாகத் தருகிறேன் என்றார். எப்படித் திருப்பித் தருவேன் என்று அவள் கலங்கினாள். நோயாளியாகிய உன்னை நம்பி நானே கடன் தருகிறேன்; நீயோ பெரிய கடவுளை வைத்துக்கொண்டு இந்தச் சிறு தொகைக்கு அவரை நம்பமாட்டேன் என்கிறாயே என்று அவளைச் செல்லமாகக் கடிந்துகொண்டார். அடுப்பு மூட்ட எழ முடியவில்லை என்றாள். தாமே குனிந்து விறகை அடுக்கினார். அடுக்கும்போது மன்றாட்டின் முதற்பகுதியை முணுமுணுத்தார். தீ பற்றும்போது இரண்டாம் பகுதியைச் சொன்னார். சுடர் நின்று எரியும்போது மூன்றாம் பகுதியை முடித்தார்.

ஒளிந்திருந்து கண்டவன் அன்றே அந்தக் குருவின் சீடனானான். அதன்பின் யாரேனும் ‘எங்கள் குரு விண்ணகம் வரை போகிறார்’ என்று சொன்னால், அவன் சிரிப்பதில்லை. அதைவிட உயரத்துக்கும் போகலாம் என்று மட்டும் மெல்லச் சொல்வானாம்.

அகப்பையா, கீர்த்தனையா என்று நாம் கேட்ட கேள்விக்கு அக்குருவின் அடுப்பு விடை சொல்கிறது. விறகு வேறு, மன்றாட்டு வேறு என்று அவர் பிரிக்கவில்லை. தொழுகையை விட்டுவிட்டுத் தொண்டுக்குப் போனாரும் அல்லர்; மன்றாட்டின் ஒரு சொல்லைக்கூட அவர் விடவில்லை. அதைச் சொல்லுமிடத்தை மட்டும் மாற்றிக்கொண்டார். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில், பசித்தவனுக்கு உணவளித்தது தமக்கே அளித்ததாகும் என்று ஆண்டவர் சொல்வதை ஆண்டுதோறும் கேட்கிறோம். அந்த யூத குரு நம் நற்செய்தி நூலைப் படித்தவரல்லர். ஆயினும் அதன் பொருள் அவர் கைகளுக்குத் தெரிந்திருந்தது.

அக்கதையில் நம்மைச் சுடும் இடம் ஒன்று உண்டு. குரு ஏன் மாறுவேடம் போட்டார்? ஏன் இலவசம் என்று சொல்லாமல் கடன் என்றார்? பெறுகிறவளின் மானத்தைக் காக்கவே அன்றோ? இதைக் கற்றுக்கொள்ள நாம் பட்ட வெட்கத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யத்துக்கருகே கரையேறி, பட்டுக்கோட்டை வரையில் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டதல்லவா? அடுத்த வாரம் சில அன்பர்களோடு அரிசிப் பைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சிற்றூருக்குப் போனோம். மக்களை வரிசையில் நிற்கவைத்தோம். ஒவ்வொருவரும் பையை வாங்கும்போது கைப்பேசியில் படம் எடுத்தோம். கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே என்பது நம் நியாயம். ஒரு மூதாட்டி முறை வந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, “படம் புடிக்காம குடுத்தா வாங்கிக்கிறேன் தம்பி. நானும் நாலு பேருக்குப் போட்டவதான்” என்றார். அவர் வீட்டுப் பின்புறத்தில் முறிந்து கிடந்த தென்னைகளை அப்போதுதான் கண்டோம். அன்று நம் கையிலிருந்த அரிசி நல்ல அரிசிதான். ஆனால் அதோடு சேர்த்து அவர் முதுகின்மேல் ஒரு சுமையையும் ஏற்றப் பார்த்தோம். கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டோம். அந்தச் சொல்லை இன்னும் போட்டுவைக்க இடம் கிடைக்கவில்லை.

வேதநாயகம் பிள்ளையிடம் நாம் கற்க வேண்டியது இன்னுமொன்று உண்டு. அவர் கஞ்சி வார்த்தவர் மட்டுமல்லர், நீதிபதியுமாவார். இரக்கம் நீதிக்கு மாற்றாகிவிடாது என்பது அவருக்கு நன்கு தெரியும். 1859இல் அவர் வெளியிட்ட ‘நீதிநூல்’, கடவுள் உண்டு என்பதில் தொடங்கி, அரசரின் இயல்பு, பெண்களைப் படிப்பித்தல், கைக்கூலி வாங்குதல் என்று வாழ்வின் மூலை முடுக்கெல்லாம் நுழைந்து பார்க்கிறது. வாயில்லா விலங்குகளுக்குத் துன்பம் செய்யலாகாது என்பதற்கும் அதில் இடமுண்டு. ஆங்கிலத்திலிருந்த நீதிமன்றத் தீர்ப்புகளை, 1805 முதல் 1861 வரையிலானவற்றை, எளியவர்க்கும் சட்டம் விளங்கும்படி ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் தமிழாக்கினார். வழக்காடுகிறவனுக்குப் புரியாத மொழியில் வழக்கு நடக்கலாகாது என்று தம் நாவலுக்குள்ளேயே வாதாடினார். ஏழைக்குக் கஞ்சி வார்ப்பதும் அவனுக்குரிய நீதியை அவன் மொழியில் அவன் கையில் கொடுப்பதும் அவருக்கு ஒரே அறத்தின் இரு கிளைகள்.

இவ்விரண்டையும் பிரித்துவிட்டால் என்ன நேரும் என்பதை நம் மண்ணே கண்டிருக்கிறது. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள். நம் கோவில்களில் பாலன் பிறப்பை நாம் கொண்டாடிய அதே நாளின் இரவில், அன்றைய கிழக்குத் தஞ்சைப் பகுதியின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் வைத்துத் தீயிட்டுக் கொளுத்தப்பட்டனர். அவர்கள் கேட்டது பிச்சையன்று; உழைப்புக்குரிய நெல். திருநாளுக்குப் புதுத்துணியும் பொங்கலுக்குக் கரும்பும் கொடுக்கும் கைகள் நம் பகுதியில் என்றும் குறைந்ததில்லை. ஆனால் கூலியை அளக்கும்போது மரக்கால் ஏன் சுருங்கிற்று? கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் என்னும் காந்திய இணையர் கீழ்வெண்மணியின் துயரைக் கண்டு இப்பகுதிக்கு வந்து, 1981இல் லாஃப்டி என்னும் இயக்கத்தைத் தொடங்கி, நிலமற்ற குடும்பங்களுக்கு, அதிலும் பெண்களின் பெயரிலேயே, நிலம் கிடைக்கச் செய்தனர். ஆட்களிடம் நிலத்தையே சேர்ப்பித்த இரக்கம் அது.

வெளியாரைச் சுட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள இயலாது. ஒரே கிண்ணத்திலிருந்து பருகும் நாம், சில ஊர்களில் தேர் செல்லும் தெருவையும் கல்லறைத் தோட்டத்து மண்ணையும் குலத்தால் பிரித்து வைத்திருக்கவில்லையா? கஞ்சித் தொட்டியின் முன் குலம் கேளாத வேதநாயகம் பிள்ளை இன்று நம் பங்கின் திருவிழாவுக்கு வந்தால், எந்த வரிசையில் போய் நிற்பார் என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அன்புக்குரியோரே, இம்மாதத்துக்கு நம் வீடுகளில் செய்யத்தக்கவை சில உண்டு. ஜூலை 21ஆம் நாள் மாலைச் செபத்தில் அந்தப் பெரியவரின் ஆன்மாவுக்காக ஒரு மன்றாட்டுச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அவர் கதையையும் அந்த யூத குருவின் கதையையும் சொல்லுங்கள். இருவரும் வெவ்வேறு சமயத்தார் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். நடவுக்கு வரும் பெண்களுக்குக் கூலியை அன்று மாலையே முகமலர்ந்து கொடுங்கள், பேசியதைவிடக் குறைத்துவிடாதீர்கள். தெருவில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கண்டறியுங்கள். இன்று எரிவாயு வந்துவிட்டதனால் கூரைமேல் புகை எழுவதில்லை. ஆகவே நாமேதான் போய்க் கதவைத் தட்டவேண்டும். போகும்போது பொழுது சாய்ந்தபின் போங்கள். கொடுப்பதைக் கடன் என்று சொல்லிக் கொடுங்கள். அது திரும்பி வராவிட்டால் கேட்காதீர்கள். திரும்பி வந்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

உள்ளே யாரேனும் எழ முடியாமல் படுத்திருந்தால், சற்றுக் குனிந்து அடுப்பைப் பற்றவையுங்கள். அப்போது நாவில் ஒரு மன்றாட்டு இருக்கட்டும். அடுத்த மாதம் சந்திப்போம்.